குதிரை லாயத்துக்கு ஒரு நாள்: பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். ஆறு வருடமாக என் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு வெளியே இருக்கும் குதிரையேற்றப் பள்ளிகளுக்கு, அங்குள்ள லாயத்தைப் பார்க்க அழைத்துப் போகிறேன். சுற்றறிக்கை வீட்டுக்குப் போன அன்று சாயங்காலமே போன் வர ஆரம்பிக்கும். கேட்கிறவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள், கேள்விகள் அதேதான். இப்போது மற்ற பள்ளி ஆசிரியர்களும் கேட்கிறார்கள் என்பதால், யார் எப்படிக் கேட்டார்களோ அப்படியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன்.

"எதுக்குங்க மேடம் குதிரை லாயம்? மைசூர் ஜூவுக்கே கூட்டிட்டுப் போலாமே?"

ஜூவுக்கும் போகலாம். ஆனால் அங்கே பிள்ளை கம்பிக்கு இந்தப் பக்கம், மிருகம் அந்தப் பக்கம். ஒரு மணி நேரத்தில் நாற்பது மிருகங்களைக் கடந்து போய்விடுவார்கள். லாயத்தில் பார்ப்பது ஒரே ஒரு மிருகத்தை. அதுவும் கை எட்டும் தூரத்தில், அரை மணி நேரம் நின்று பார்க்கிறார்கள்.

குதிரை நானூறு, ஐந்நூறு கிலோ எடை இருக்கும். இருந்தாலும் அது பயந்த பிராணி. காட்டில் அதைத் தின்ன வருகிற மிருகத்திடமிருந்து ஓடித் தப்பித்தே பிழைத்த இனம். அதன் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் பிள்ளை குரலைத் தாழ்த்த வேண்டும், கையை மெதுவாக நீட்ட வேண்டும், அது தன்னைப் பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். வகுப்பில் "சத்தம் போடாதே" என்று நூறு முறை சொல்லி நடக்காதது, லாயத்தில் நான் வாயைத் திறக்காமலே இரண்டு நிமிடத்தில் நடக்கிறது. இதற்காகத்தான் ஒவ்வொரு வருடமும் போகிறேன்.

"ஒண்ணாங்கிளாஸ் பசங்களையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

வேண்டாம் என்பேன். எட்டு வயதுக்கு மேல், அதாவது மூன்றாம் வகுப்பிலிருந்து சரியாக இருக்கும். ஒரு முறை சொன்ன விதியை அரை மணி நேரம் நினைவில் வைத்திருக்கும் வயது அது. சின்னப் பிள்ளைகள் ஆசையில் ஓடுவார்கள், பயந்தால் வீறிடுவார்கள். இரண்டுமே குதிரைக்கு ஆகாது. ஆசைப்படும் சின்னப் பிள்ளையை அப்பா அம்மா தனியாக, கையைப் பிடித்துக் கூட்டிப்போகலாம்.

"நம்ம பக்கம் லாயம் எங்கங்க இருக்கு? ஊட்டியிலதானே குதிரை?"

ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றும் குதிரைகள் வேலையில் இருப்பவை. அவற்றின் அருகே வகுப்பை நிறுத்திப் பாடம் நடத்த முடியாது. கோவை, சென்னை போன்ற ஊர்களின் புறநகரில் குதிரையேற்றம் கற்றுத்தரும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. முன்கூட்டிப் பேசினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். சென்னைப் பள்ளி என்றால் காவல்துறையின் குதிரைப்படைப் பிரிவு இருக்கிறது, எழுத்துமூலம் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையைச் சிலர் சொல்வார்கள். மார்வாரி, கத்தியவார், நாட்டுக் குதிரை, மட்டக்குதிரை என்று ஒரே இடத்தில் அத்தனை வகையையும் பார்க்க அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. சுழி பார்த்து விலை பேசுகிற பெரியவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு பகல் முழுக்க நிற்கலாம். ஆனால் அது குடும்பத்தோடு போகிற இடம். முட்டி மோதும் கூட்டத்தில், பழகாத குதிரைகளுக்கு நடுவே நாற்பது பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருக்க எந்த ஆசிரியராலும் முடியாது.

"போறதுக்கு முன்னாடி நாம ஒரு தடவை போய்ப் பாக்கணுமா? போன்ல பேசினா போதாதா?"

போதாது. கட்டாயம் நேரில் போங்கள். முடிந்தால் சொல்லாமல் போங்கள். உள்ளே நுழைந்ததும் கண் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் குதிரை மூத்திரம் நாள்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். லாயத்தில் லத்தி வாசனையும் வைக்கோல் வாசனையும் இருக்கும், அது இயல்பு. கண்ணைக் கரிக்கிற நெடி இருக்கக் கூடாது. ஒவ்வொரு குதிரைக்கும் முன்னால் சுத்தமான தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். காலி வாளியைப் பார்த்தால் அங்கேயே கேளுங்கள்.

பிறகு குதிரைகளைப் பாருங்கள். விலா எலும்பு துருத்தித் தெரிகிறதா, சேணம் உட்காரும் இடத்தில் முதுகில் புண் இருக்கிறதா, கடிவாளம் உரசும் வாய் ஓரம் கிழிந்திருக்கிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா? ஆள் பக்கத்தில் போனதும் குதிரை பின்வாங்கி மூலையில் ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் அங்கே அதை அடிக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே ஓர் இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தேன், கட்டணம் குறைவாக இருந்தும்.

கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்திருக்கிறீர்களா? குதிரை, கழுதைகளுக்கு வரும் தொற்றுநோய் அது, மனிதருக்கும் பரவக்கூடியது. வந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. ஒழுங்காக லாயம் நடத்துகிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். கால்நடை மருத்துவர் கொடுத்த தாளை எடுத்துக் காட்டுவார்.

"எந்த மாசம் போலாம்? எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

கோவைக்கு நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. காலை எட்டரைக்கு லாயத்தில் இருங்கள், பதினொன்றரைக்குக் கிளம்பிவிடுங்கள். அந்த நேரத்தில்தான் தேய்த்துவிடுவது, குளம்பு சுத்தம் செய்வது, தீனி வைப்பது எல்லாம் நடக்கும். மதியம் போனால் குதிரையும் சோர்ந்திருக்கும், பிள்ளைகளும் சோர்ந்திருப்பார்கள்.

வண்டி இழுக்கும், பாரம் சுமக்கும் விலங்குகளுக்கான 1965 ஆம் ஆண்டு மத்திய விதிகளில், வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது என்றே இருக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். குதிரைக்கு மத்தியான ஓய்வு உண்டு என்று சட்டம் சொல்வது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போகிறது.

"யூனிஃபார்ம்ல அனுப்பலாமா, கலர் டிரஸ்ஸா? செருப்பு போட்டா பரவாயில்லீங்களா?"

முழுக்கால் பேன்ட், பருத்திச் சட்டை, விரல்கள் மூடிய ஷூ. செருப்போடு வரும் பிள்ளையை லாயத்துக்குள் விடமாட்டேன். குதிரை வேண்டுமென்று மிதிக்காது, ஆனால் கால் மாற்றி நிற்கும்போது நம் கால் அங்கே இருந்தால் அதற்குத் தெரியாது. நீளமான முடியைப் பின்னிவிடுங்கள். தொங்கும் கம்மல், பறக்கும் துப்பட்டா, சத்தம் போடும் கொலுசு, வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். குடையும் வேண்டாம், மழைக்கோட்டு கொடுத்துவிடுங்கள். குடை ஏன் கூடாது என்பதற்குக் கீழே பதில் இருக்கிறது.

"குதிரை உதைக்காதுங்களா?"

பயந்தால் உதைக்கும். அதனால் பயமுறுத்தாமல் இருப்பதைத்தான் முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி பார்க்கும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டு: வாலுக்கு நேர் பின்னால், நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால். பின்னாலிருந்து யாரோ வருவது அதற்குக் கேட்கும், ஆனால் தெரியாது. அப்போதுதான் கால் வரும். ஆகவே தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். முதலில் கழுத்தையோ தோளையோ தொட வேண்டும், முகத்தை அல்ல.

வகுப்பில் இதை நாங்கள் நடித்துப் பார்ப்போம். ஒரு பிள்ளை குதிரை. நடுவில் நின்று இரண்டு கையையும் மூக்குக்கு நேர் முன்னால் வைத்து நேர் முன்பார்வையை மறைத்துக்கொள்ளும். மற்றவர்கள் வெவ்வேறு திசையிலிருந்து மெதுவாக வருவார்கள். பின்னாலிருந்து வந்தவன் முதுகைத் தொட்டதும் "குதிரை" துள்ளிக் குதிக்கும். அதன்பின் லாயத்தில் யாரும் பின்னால் போவதில்லை.

"கோபமா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

காதைப் பாருங்கள். முன்னால் நிமிர்ந்திருந்தால் எதையோ ஆர்வமாகக் கவனிக்கிறது. இரண்டும் பக்கவாட்டில் தளர்ந்து தொங்கினால் நிம்மதியாக இருக்கிறது. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திரும்பினால் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் கழுத்தோடு ஒட்டிப் படுத்துவிட்டால் கோபம், உடனே விலகிவிடுங்கள். வாலைச் சுழற்றி அடிப்பது ஈக்காகவும் இருக்கலாம், எரிச்சலாகவும் இருக்கலாம். காதையும் சேர்த்துப் பார்த்தால் எது என்று விளங்கிவிடும். ஒரு பின்காலை லேசாக மடித்து நுனியில் ஊன்றி நின்றால் பெரும்பாலும் ஓய்வெடுக்கிறது.

மார்வாரிக் குதிரை நிற்கும் லாயமாக இருந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அதன் காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும்.

"குடை எதுக்குக் கூடாதுன்னு சொல்றீங்க? வெயில் அடிக்குமே?"

இரண்டாம் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். 58 பிள்ளைகளை ஒரே கூட்டமாக ஒரு லாயத்தின் முற்றத்தில் நிறுத்தியிருந்தேன். ஒரு செவலைக் குதிரையைக் கம்பத்தில் கட்டி ஒருவர் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று தூறல். ஒரு பையன் பட்டன் அழுத்தினால் படாரென்று விரியும் குடையைத் திறந்தான். குதிரை தலையை வெட்டி இழுத்ததில் கயிறு அறுந்துவிட்டது. அது பிள்ளைகள் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் ஓடியது எங்கள் நல்ல காலம். ஒருவருக்கும் அடியில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்தில் என் கால் தரையில் இல்லை.

தவறு என்னுடையது. அத்தனை பேரை ஒன்றாக நிறுத்தியிருக்கக் கூடாது, குடையையும் அனுமதித்திருக்கக் கூடாது. லாயத்துக்காரரும் எதையும் முன்னாலே சொல்லவில்லை. அன்றிலிருந்து எட்டுப் பேர் கொண்ட குழுதான், குழுவுக்கு ஒரு பெரியவர், குதிரைக்கும் குழுவுக்கும் நடுவே ஒரு வேலி அல்லது அரைக்கதவு. ஒரு குழு குதிரையிடம் இருக்கும்போது மற்றவை தீனி அறையிலும் சேண அறையிலும் இருக்கும். பலூன், பிளாஸ்டிக் பை, விசில், செல்ஃபி ஸ்டிக், போன் ஃபிளாஷ் எல்லாவற்றுக்கும் குடைக்குச் சொன்னதேதான்.

"குதிரைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுத்து விடட்டுமா? பிஸ்கட், வெல்லம்?"

அன்பாகத்தான் கேட்கிறீர்கள், ஆனால் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் இருக்கும் தசை ஒருவழிக் கதவு மாதிரி. ஒவ்வாத எதுவும் திரும்பி மேலே வராது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது, குடலோ ரொம்ப நீளம். அதனால் வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாக்லேட், பிரெட், சோறு, உருளைக்கிழங்கு, வெங்காயம் எதுவும் கூடாது. வெல்லம் பழக்கத்தில் கொடுப்பார்கள், அளவு தெரிந்த குதிரைக்காரர் கையால் கொடுக்கட்டும்.

லாயத்துக்காரர் சம்மதித்தால் கேரட் கொண்டுபோகலாம். வட்ட வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். விரல் நீளத்துக்கு நெடுக்காக நறுக்குங்கள். உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து, அதன் மேல் வைத்து நீட்ட வேண்டும். மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது குதிரைக்குத் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அது மேலுதட்டாலும் மீசை மயிராலும் தடவித்தான் கேரட் எது, விரல் எது என்று கண்டுபிடிக்கிறது. வெல்வெட் போன்ற அந்த உதடு உள்ளங்கையில் படும்போது, சூடான மூச்சு மணிக்கட்டு வரை வரும்போது, பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பாருங்கள்.

"அப்ப அது தினமும் என்னதான் தின்னும்?"

புல்தான் முக்கியம். காய்ந்த புல், பச்சைப் புல், கூடவே குதிரைமசால். பெயரிலேயே குதிரை இருக்கிறது, நம் பக்கம் தோட்டங்களில் மாட்டுக்காகவும் விதைக்கிறார்கள். மேல்தீனியாக ஊறவைத்த கொள்ளு, ஓட்ஸ், கோதுமைத் தவிடு, கொஞ்சம் உப்பு. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு ஒரு நாளைக்குத் தின்னும். 450 கிலோ குதிரைக்கு ஒன்பது கிலோ. மாதத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு என்று பெருக்கல் கணக்கை அங்கேயே போட வைப்பேன்.

"லத்தி, ஈ, மண்ணு... ஏதாவது நோய் வந்துடாதா?"

இரண்டு விஷயம். ஒன்று, தனுர்வாயு எனும் டெட்டனஸ். அதன் கிருமி குதிரைச் சாணம் விழும் மண்ணில் இருக்கும். கீறல் வழியாக உள்ளே போனால் ஆபத்து. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஐந்து, ஆறு வயதில் டிபிடி பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி இருக்கிறது. அட்டையை எடுத்துப் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் பயணத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். குதிரைக்காக மட்டும் சொல்லவில்லை, எப்படியும் போட வேண்டிய ஊசி அது.

இரண்டாவது, கை கழுவுவது. சானிட்டைசர் மண் ஒட்டிய கைக்குப் போதாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும் வேண்டும். கை கழுவும் வரை யாரும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது, பலகாரத்தைத் தொடக் கூடாது. சாப்பாடு லாயத்துக்குள் கிடையவே கிடையாது, பஸ்ஸுக்குத் திரும்பிய பிறகுதான்.

"என் பையனுக்கு வீசிங் இருக்குங்க. அனுப்பட்டுமா, வேண்டாமா?"

உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். வைக்கோல் தூசும் குதிரை மயிரும் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். மருத்துவர் சரி என்றால் இன்ஹேலரைப் பையில் போடாமல் குழுவின் பெரியவர் கையில் கொடுங்கள். அந்தப் பிள்ளையைத் தீனி அறைக்கு அனுப்புவதில்லை. வைக்கோல் பிரிக்கிற நேரத்தில் வெளியே மைதானத்துப் பக்கம் நிற்க வைப்போம். அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.

"எம்பொண்ணு நாயைக் கண்டாலே ஓடுவா. அங்க போய் அழுதா என்னங்க பண்றது?"

அழட்டும், பரவாயில்லை. யாரையும் இழுத்துக்கொண்டு போய்த் தொட வைப்பதில்லை. "பாரு, எல்லாரும் தொடுறாங்க, நீ மட்டும்" என்று சொல்ல எந்தப் பெரியவரையும் விடுவதில்லை. தூரத்தில் ஒரு திண்ணை, அங்கே ஒரு ஆசிரியர். அங்கிருந்து பார்த்து ஒரு குதிரையின் காதுகளை மட்டும் பத்து நிமிடம் கவனித்து வரையச் சொல்வோம்.

போன வருடம் அப்படி ஒரு சிறுமி திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் அடங்கிய நேரத்தில் லாயத்துக்குள்ளிருந்து குதிரைகள் புல் மெல்லும் சத்தம் கேட்டது. கரக், கரக் என்று ஒரே தாளத்தில் ஏழெட்டுக் குதிரைகள். "மிஸ், அது முறுக்கு தின்ற மாதிரி இருக்கு" என்றாள். பிறகு அவளாகவே எழுந்து கதவு வரை வந்தாள். தொடவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் முழுக்க முழுக்க அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசினாளாம்.

"மிஸ், அது நின்னுக்கிட்டே தூங்குமா?"

தூங்கும். காலில் உள்ள தசைநாரும் மூட்டும் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுகொள்வதால், விழாமல் நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். ஆபத்தில்லை என்று தோன்றினால்தான் படுக்கும். கூட்டமாக இருக்கும்போது எல்லாம் சேர்ந்து படுக்காது, ஒன்றாவது நின்று காவல் காக்கும்.

"லாடம் அடிக்கிறப்ப வலிக்காதா மிஸ்?"

எல்லாப் பிள்ளைகளும் கேட்பது இதைத்தான். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி. நகம் வெட்டினால் வலிக்கிறதா? ஆணி அந்த நகப் பகுதியில்தான் போகும். ஆனால் கை தவறி உள்ளே சதைப்பக்கம் போனால் கண்டிப்பாக வலிக்கும், நொண்டும். அதனால்தான் அது கைதேர்ந்தவர் செய்கிற வேலை. குளம்பு வளர்ந்துகொண்டே இருப்பதால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, சீவி, மறுபடி அடிக்க வேண்டும்.

லாடம் அடிக்கும் நாள் அமையாவிட்டாலும் குளம்பு சுத்தம் செய்வதை நிச்சயம் காட்டச் சொல்லுங்கள். குதிரைக்கார அண்ணன் தோளால் குதிரையை லேசாகச் சாய்த்து, காலின் பின்பக்கம் கையை வழித்துக்கொண்டே வருவார். குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுக்கும். வளைந்த இரும்புக் கொக்கியால் மண்ணையும் கல்லையும் நோண்டி எடுத்தால், அடியில் முக்கோணமாக ஒரு மெத்தென்ற பகுதி தெரியும். அத்தனை பெரிய மிருகம் மூன்று காலில் பொறுமையாக நிற்பதைப் பார்த்து ஒரு சத்தமும் இருக்காது.

"குட்டிக் குதிரை வளந்தா பெரிய குதிரை ஆயிடுமா?"

குட்டி வளர்ந்தால் ஆகும், மட்டக்குதிரை ஆகாது. மட்டக்குதிரை என்பது குள்ளமான இனம், முழுதாக வளர்ந்ததே அவ்வளவுதான். குதிரையின் உயரத்தை இந்தியா, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் கை அளவில் சொல்கிறார்கள். ஒரு கை என்றால் நான்கு அங்குலம், தரையிலிருந்து பிடரி முடியும் தோள்மேடு வரை அளக்க வேண்டும். 14 கையும் 2 அங்குலமும், அதாவது சுமார் 147 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மட்டக்குதிரை என்பது பொதுவான கணக்கு. என் வகுப்பில் ஒவ்வொருவரும் தன் உயரத்தைக் கையில் சொல்வார்கள். "நான் பன்னிரண்டரைக் கை மிஸ்" என்பான் ஒருவன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை பிறக்கும்போது கருமையாகவோ செவலையாகவோ இருந்தவை. வருடம் ஆக ஆக மயிர் வெளுக்கிறது. மூக்கருகே பாருங்கள், தோல் கருப்பாகத்தான் இருக்கும். பல்லையும் காட்டச் சொல்லுங்கள். குதிரைக்கும் பால் பல் விழும், இரண்டரை வயதில் ஆரம்பித்து ஐந்து வயதில் முடியும். தங்கள் வாயிலும் ஓட்டைப் பல்லோடு நிற்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய உறவாகிவிடுகிறது.

"கார், பைக் எல்லாம் வந்தாச்சே. இப்ப குதிரை எதுக்கு?"

இதைக் கேட்ட பையனிடம், "உங்க தோட்டத்தில் யாரையாவது பாம்பு கடித்தால் என்ன மருந்து போடுவார்கள்?" என்று திருப்பிக் கேட்டேன். பாம்புக்கடி விஷமுறிவு மருந்து குதிரையிடமிருந்துதான் வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசியாகப் போட்டு, மெதுவாக அளவைக் கூட்டுகிறார்கள். குதிரையின் உடம்பு அதற்கு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. பிறகு கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்துச் சுத்திகரித்தால் மருந்து.

விஷம் எங்கிருந்து வருகிறது? சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 இல் தொடங்கப்பட்டது. அங்கே இருளர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நாட்டின் மருந்து நிறுவனங்களுக்கு விஷம் போவதில் பெரும்பங்கு இந்தச் சங்கத்துடையது. ஒரு பழங்குடியின் கைத்திறன், ஒரு குதிரையின் ரத்தம் இரண்டும் சேர்ந்து நம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்தை விடவும் இதைச் சொல்ல லாயத்தின் வாசல் நல்ல இடம்.

"சவாரி உண்டா? சவாரி இல்லைன்னா என்னத்துக்குங்க பணம் கட்டறது?"

பெற்றோர் அதிகம் வருத்தப்படுவது இதில்தான். நான் சவாரியை நிகழ்ச்சியில் சேர்ப்பதில்லை. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஏறி இறங்கினால், மீதி நேரமெல்லாம் வரிசையில் நிற்பதில் போய்விடும். இறங்கி வந்த பிள்ளைக்குப் போட்டோ மட்டும் மிஞ்சும். ஒரே குதிரை நாற்பது முறை சுற்றுவதும் எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் பள்ளி சவாரி வைத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தால், சிலவற்றை விட்டுக்கொடுக்காதீர்கள். குதிரையேற்றத்துக்கான ஹெல்மெட் இருக்க வேண்டும், பைக் ஹெல்மெட் ஆகாது. ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்த வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் நடக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு பிள்ளை. சேணத்திலிருந்து தொங்கும், கால் வைக்கிற அங்கவடிக்குள் முழுப் பாதம் போகக் கூடாது, விழுந்தால் மாட்டிக்கொள்ளும். குதிரைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

"சக்கர நாற்காலில இருக்கற பொண்ணு ஒருத்தி வகுப்புல இருக்கா. அவளை விட்டுட்டா போறது?"

விடக்கூடாது. முன்கூட்டிப் பார்க்கப் போகும்போது தரை எப்படி என்று பாருங்கள். லாயத்து மணலில் சக்கரம் புதையும். இரண்டு பலகை போட்டுத் தரச் சொன்னால் போட்டுத் தருவார்கள். நாற்காலியைக் குதிரைக்குப் புதிதாகக் காட்ட வேண்டும். முதலில் காலியாகத் தூரத்தில் வைத்து, அது பார்த்து, மோந்து, காது தளர்ந்த பிறகு பிள்ளையோடு அருகே போகலாம். எங்கள் வகுப்பில் அப்படித்தான் செய்தோம். அவள் உட்கார்ந்த உயரத்துக்குக் குதிரை தானே தலையைத் தாழ்த்தியது. குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகச் செய்யும் இடங்கள் உண்டு. அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும், அது வேறு, நம் ஒரு நாள் பயணம் வேறு.

"ஏதாவது ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு? கையெழுத்து வாங்கிட்டா உங்க பொறுப்பு முடிஞ்சுதா?"

முடியாது. ஒப்புதல் கடிதம் என்பது, எங்கே போகிறோம், என்ன செய்வோம், என்ன ஆபத்து இருக்கலாம் என்று உங்களுக்குத் தெரிவித்ததற்கான சாட்சி. கவனக்குறைவுக்கு அது கவசம் ஆகாது. பிள்ளை பள்ளி வாசலுக்குத் திரும்பும் வரை பொறுப்பு எங்களுடையதுதான். அதனால் கடிதத்தில் ஒவ்வாமை, மருந்து, அவசர எண் எல்லாம் கேட்கிறோம். பக்கத்து மருத்துவமனை எத்தனை நிமிடத்தில் இருக்கிறது என்று முன்பே ஓட்டிப் பார்த்துவிடுகிறோம். முதலுதவிப் பெட்டியும் ஒரு காலி வண்டியும் உடன் இருக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித்துறை அனுமதி வாங்காமல் தேதி குறிக்காதீர்கள்.

"மிருகத்தைக் கட்டிப் போட்டு வேலை வாங்கறதைப் பசங்களுக்குக் காட்டறது சரிங்களா?"

ஒரு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. குதிரை நாள் முழுக்க நடந்து மேய்கிற பிராணி. 24 மணி நேரமும் அறைக்குள் அடைத்தால், கதவைக் கடித்துக் காற்றை விழுங்குவது, இடவலமாக ஆடிக்கொண்டே நிற்பது போன்ற பழக்கங்கள் வந்துவிடும். அப்படி ஆடும் குதிரையைப் பார்த்தால் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஏன் ஆடுகிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். தினமும் திறந்த வெளியில் விடுகிறார்களா, மற்ற குதிரைகளோடு சேர விடுகிறார்களா என்பதைப் பார்த்தே நான் லாயத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். மேலே நேரில் பார்க்கச் சொன்னதெல்லாம் இதற்கும்தான்.

விலங்குகளை ஏன் வளர்க்கிறோம், எதுவரை வேலை வாங்கலாம் என்பதில் என் வகுப்பே இரண்டாகப் பிரிந்து பேசியிருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. குதிரையின் பக்கம் பேசிய பிள்ளைகள், குதிரையைப் பார்த்துவிட்டு வந்தவர்களாகப் பேசினார்கள்.

"மிஸ், குதிரைக்கு வயசாயிட்டா என்ன பண்ணுவாங்க?"

குதிரை 25, 30 வருடம் வாழும். பந்தயத்தில் ஓடும் குதிரைகள் ஓட்டத்திலிருந்து சின்ன வயதிலேயே நின்றுவிடும். அவற்றில் சில குதிரையேற்றப் பள்ளிகளுக்கு வந்து இன்னும் பல வருடம் வேலை செய்கின்றன. அதன்பிறகு? சிலர் கடைசி வரை வைத்திருக்கிறார்கள், சிலர் விற்றுவிடுகிறார்கள். விற்றது எங்கே போனது என்று யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகளிடம் இதைப் பொய்யில்லாமல் சொல்லிவிடுவேன்.

நாங்கள் போகும் லாயத்தின் கடைசி அறையில் ஒரு கிழட்டுப் பெண்குதிரை இருந்தது. கண்ணுக்கு மேல் குழி விழுந்து, முதுகு தொய்ந்து, பல் தேய்ந்து. அதற்கு மட்டும் தீனியை ஊறவைத்துக் கூழாகக் கரைத்துக் கொடுப்பார் குதிரைக்கார அண்ணன். ஒரு பையன் அவரிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டான். அவர் வாளியைக் கலக்கிக்கொண்டே, "இதுமேலதான் கண்ணு நான் மொதமொத ஏறிக் கத்துக்கிட்டேன்" என்றார். பையன் கையிலிருந்த கேரட்டைப் பார்த்தான். இதனால் மெல்ல முடியாதே என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். அவரிடம் கொடுத்து, துருவித் தரச் சொன்னான்.